ஊருக்கு ஒரே வட்டி

வில்லியனூரில் ரயில்வே கேட் போட்டிருந்தார்கள். டைப்ரைட்டிங் வகுப்பு முடிந்து கரிக்கலாம்பாக்கம் பஸ்ஸில் திரும்பிக்கொண்டிருந்தேன். பஸ் நின்ற இடத்துக்கு எதிரே ஒரு மாடிவீட்டு முகப்பில் ஏணி சாத்தி ஒருவர் போர்டு எழுதிக்கொண்டிருந்தார். ‘நில அடமான’ வரைக்கும் முடிந்திருந்தது. அடுத்து என்ன வரும் என்று பார்க்க ஜன்னல் கம்பியில் நெற்றியை வைத்துக்கொண்டேன். ‘பேங்க்’ வந்தது. அதற்குக் கீழே அவர் சாக்பீஸால் கோடு போட்டு வைத்திருந்த சின்ன எழுத்துகளைப் பெயின்ட் ஏறுவதற்கு முன்பே படித்துவிட்டேன். பழைய கடனைத் தீர்க்க, கிணறு வெட்ட, மோட்டார் வைக்க, நிலம் வாங்க நீண்ட காலக் கடன். வட்டி ஆண்டுக்குப் பத்தரை சதவீதம்.

சுருக்கெழுத்து நோட்டின் பின்னட்டையில் அதைப் பன்னிரண்டால் வகுத்தேன். நூறு ரூபாய்க்கு மாதம் எண்பத்தேழரைக் காசு. எங்கள் ஊரில் இரண்டு ரூபாய். இன்னொரு தரம் வகுத்தேன். அதேதான் வந்தது. ரயில் போய், கேட் தூக்கி, பஸ் தண்டவாளத்தின் மேல் குலுங்கி இறங்கியபோது என்னிடம் திட்டம் இருந்தது. ஊரையே பேங்குக்குக் கூட்டிப்போவது. அப்பா முதலில். யாருக்கு எந்தக் காகிதம் வேண்டும், யார் எழுதுவது, எந்தக் கிழமை போவது எல்லாம் அங்கிருந்து எங்கள் ஊர் வரைக்கும் இருந்த நாலு மைலில் முடிவாகிவிட்டது.

அந்த வகுத்தலில் இன்றைக்கும் தப்பில்லை. அதனால்தான் இதை எழுதுவது கஷ்டமாக இருக்கிறது. கணக்கு தப்பாக இருந்திருந்தால், தெரியாமல் செய்துவிட்டேன் என்று சொல்லித் தப்பித்திருப்பேன்.

அப்போது எனக்குப் பத்தொன்பது முடிந்திருந்தது. டவுனில் சிஸ்டர்கள் நடத்திய பள்ளியில் பிரெஞ்சில் படித்தவள். படித்து முடிக்கும்போது பிரெஞ்சு படித்தவர்களுக்கு வேலை இல்லை என்று ஆகியிருந்தது. அதனால் எம்ப்ளாய்மென்ட் ஆபீஸில் பதிந்துவிட்டு, இங்கிலீஷ் டைப்ரைட்டிங் கற்றுக்கொண்டிருந்தேன். சும்மா இருக்க எனக்கு வராது. எங்கள் ஊரில் பஸ் நிற்க வேண்டும் என்று நாற்பது கையெழுத்து வாங்கி மனு போட்டேன், பஸ் நின்றது. கோயில் ஹாலில் லைப்ரரி தொடங்கினேன். மூன்று புத்தகத்தோடு அது நின்றது. பேங்க் என் மூன்றாவது காரியம்.

எங்கள் ஊர் வில்லியனூருக்குத் தெற்கே, நெல் வயல்களுக்கு நடுவில் இருக்கும் கிறிஸ்தவர்கள் ஊர். ஊருக்குள் கடன் கொடுப்பவர் ஒருவர்தான். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷனோடு திரும்பியவர்களை எங்கள் பக்கத்தில் சொல்தா என்பார்கள். அப்படி ஒரு சொல்தாவின் மனைவி அவர். புருஷன் போன பிறகு பாதிப் பென்ஷன் அவருக்கு வந்தது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை கான்சலேட்டுக்குப் போய் வாங்கிவந்து, சாப்பாட்டுக்கு எடுத்துவைத்தது போக மீதியை ஊருக்குள் விடுவார். சொல்தாவூட்டம்மா என்று எல்லோரும் சொல்வோம். நேரில் நான் பெரிம்மா என்று கூப்பிடுவேன்.

அவரிடம் ஒரு வழக்கம் இருந்தது. திருவிழாவுக்குக் கொடி ஏற்றும் நாளில், பூசை முடிந்து ஜனம் வெளியே வரும்போது, கோயிலுக்கு எதிரே தன் வீட்டு கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்று அந்த வருஷத்து வட்டியைச் சொல்வார். எனக்கு நினைவு தெரிந்து அது இரண்டு ரூபாய்தான். அந்த வட்டி எல்லோருக்கும் ஒன்று. இரண்டு காணி நிலத்துப் பத்திரத்தை அவருடைய பீரோவில் வைத்துவிட்டு வாங்கியவருக்கும் இரண்டு. வெறுங்கையோடு போய், “கல்லறைத் திருநாளுக்குள்ள கொடுத்துடறம்மா” என்று சொல்லி வாங்கிய கூலிக்காரருக்கும் இரண்டு. ஏன் என்று யாரும் கேட்டதில்லை. நானும் கேட்டதில்லை, பேங்க் வரும்வரை.

திட்டத்தில் ஒரு முடிச்சு இருந்தது. பேங்கில் கடன் கேட்கப் பத்திரம் வேண்டும். பத்திரங்களோ, அப்பாவுடையதும் சேர்த்து, சொல்தாவூட்டம்மாவின் பீரோவில். கடனை அடைத்தால்தான் பத்திரம் வரும். பத்திரம் வந்தால்தான் கடனை அடைக்கப் பணம் வரும். இதை அவிழ்த்தது நான்தான். அதில் எனக்கு எவ்வளவு பெருமை என்று சொன்னால் இப்போது வெட்கமாக இருக்கிறது. எங்கள் பக்கத்துப் பழைய பத்திரங்கள் நொத்தேர் எழுதியவை. பிரெஞ்சுக்காரர் காலத்தில் பத்திரம் எழுதித் தரும் அதிகாரிக்கு அந்தப் பேர். நொத்தேர் பத்திரம் எழுதினால் மூலத்தைத் தன் ஆபீஸிலேயே வைத்துக்கொண்டு, கட்சிக்காரருக்கு நகல்தான் கொடுப்பார். ஆகவே பீரோவில் இருப்பதும் நகல். இன்னொரு நகல் வாங்க யாருடைய தயவும் வேண்டாம். டவுனில் நொத்தேர் ஆபீஸுக்குப் போய் விண்ணப்பம் எழுதிக் கொடுத்தேன். பிரெஞ்சில் எழுதினேன். அங்கே இருந்த வயதான குமாஸ்தா என் விண்ணப்பத்தை இரண்டு முறை படித்து, “அக்ஸான் எல்லாம் சரியா போட்டிருக்கியேம்மா” என்று எழுத்தின் மேல் போடும் கோடுகளைக் காட்டிச் சிரித்தார்.

அப்பாவின் நகல் வந்தது. அதைத் தமிழில் பெயர்த்து எழுதினேன். பேங்க் மேனேஜர் பார்த்துவிட்டு, அவருக்குப் பிரெஞ்சு தெரியாததால், யாரோ படித்தவரை வைத்துச் சரிபார்த்து ஏற்றுக்கொண்டார். சொல்தாவூட்டம்மாவுக்குச் சேரவேண்டியதை பேங்கே நேராகக் கொடுத்துவிட்டது. அவர் பீரோவைத் திறந்து, துணியில் சுற்றிவைத்திருந்த பத்திரத்தை எடுத்து அப்பாவிடம் கொடுத்தார்.

“துணி என்னுது. அத கொடுத்துட்டுப் போ” என்றாராம். அப்பா வீட்டுக்கு வந்து இதைச் சொல்லி ஒரு நாள் முழுக்கச் சிரித்தார்.

அடுத்த இரண்டு மாதமும் எங்கள் வீட்டு வேப்பமரத்தடியில் மேசை போட்டு உட்கார்ந்தேன். பத்திரம் வைத்துக் கடன் வாங்கியவர்கள் ஊரில் பதினாலு பேர். அவர்களில் ஆறு பேர் அப்பாவைப் பார்த்துவிட்டு வந்தார்கள். அப்பாவோடு ஏழு. ஃபாரம் எழுதினேன், நகல் வாங்கினேன், பெயர்த்தேன், பஸ்ஸில் கூட்டிப்போனேன். ஏழு பேருக்கும் பணம் வந்தது. ஒருவர் மோட்டார் வைத்தார். அவருடைய வயலில் முதல் தண்ணீர் வந்த அன்று எனக்கு ஒரு கூடை கொய்யாப்பழம் வந்தது.

அப்படி ஒரு நாள் எழுதிக்கொண்டிருக்கும்போது கீரைக்கார அக்கா வந்து மேசைக்கு முன்னால் கூடையை இறக்கினார். நடவு, களை, அறுப்பு என்று எங்கள் ஊர் வயல்களில் கூலிக்குப் போகிறவர். வாய்க்கால் ஓரம், டவுனில் இருக்கும் ஒரு முதலாளிக்குச் சொந்தமான, காணியில் பத்தில் ஒரு பங்கான பத்துக் குழி மேட்டில் குடிசை போட்டு, சுற்றிலும் கீரையும் வெண்டையும் வைத்து வில்லியனூர் மார்க்கெட்டில் விற்பார். புருஷன் இல்லை. கட்டிக்கொடுத்த பெண் ஒன்று சோரியாங்குப்பத்தில்.

“எனக்கும் ஒரு ஃபாரம் போடேன் பாப்பா.”

“நிலம் இருக்குதா அக்கா? பத்திரம்?”

“பதினஞ்சு கட்டு அரைக்கீர இருக்குது. அடமானம் எடுத்துக்குவானா உன் பேங்க்காரன்?”

அங்கே இருந்த எல்லோரும் சிரித்தோம். அவரும் சிரித்தார். ஒரு கட்டை மேசைமேல் வைத்துவிட்டுப் போனார். நான் அடுத்த ஃபாரத்தை எடுத்தேன். அந்தச் சிரிப்பில் அவர் கேட்டது பாதி நிஜம் என்று எனக்கு அப்போது தோன்றவில்லை. தோன்றியிருந்தாலும் நின்றிருப்பேனா என்பது சந்தேகம். ஏழு வீடு முடிந்து எட்டாவதற்கு நான் அவ்வளவு அவசரமாக இருந்தேன்.

அந்த வருஷத்துக் கொடியேற்றம் வந்தது. பூசை முடிந்து வெளியே வந்தோம். சொல்தாவூட்டம்மா வழக்கம்போல கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். வெள்ளைப் புடவை, மூக்குக்கண்ணாடி, கையில் ஜெபமாலை.

“இந்த வருஷமும் ரெண்டுதான்பா. குடுக்க முடிஞ்சவங்க குடுங்க. முடியாதவங்க வந்து மூஞ்சையாவது காட்டிட்டுப் போங்க. ஓடி ஒளியாதீங்க, எனக்குத் தேடி அலைய கால் இல்ல.”

எப்போதும் இதோடு ஜனம் கலைந்துவிடும். அன்றைக்கு நான் நின்றேன். பேங்க் மேனேஜரிடம் ஏழு முறை உட்கார்ந்து கேட்ட பாடம் நாக்கில் இருந்தது.

“பெரிம்மா, ஒன்னு கேக்கறேன். பத்திரம் உங்க பீரோவுல இருக்கறவங்களுக்கும் ரெண்டு, ஒன்னுமே வைக்காதவங்களுக்கும் ரெண்டா? பேங்க்ல அப்படி இல்ல.”

“பேங்க்ல எப்படியாம்?”

“ஈடு இருந்தா பணம் போவாது. பணம் போவாதுன்னா வட்டி கம்மி. அதானே நியாயம்? நிலத்த வச்சவரு எதுக்கு மத்தவங்களுக்கும் சேர்த்துக் குடுக்கணும்?”

“பிரெஞ்சு படிச்சது வீண் போவலடா!” என்று கொய்யாப்பழம் அனுப்பியவர் கத்தினார். மீதமிருந்த ஏழு பத்திரக்காரர்களும் என்னைச் சுற்றி நெருங்கி நின்றார்கள். ஒருவர், “கேளு பாப்பா, நல்லா கேளு” என்று முதுகுக்குப் பின்னால் இருந்து சொன்னார். சொல்தாவூட்டம்மா கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்தார். என்னைப் பார்த்துக் கேட்டார்.

“சரி. ஈடு இல்லாதவங்களுக்கு?”

நான் யோசிக்கவே இல்லை. “அது வேற கணக்கு பெரிம்மா” என்றேன்.

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். “பத்திரம் வச்சவங்களுக்கு இன்னையிலிருந்து ஒன்னேகால்” என்றார். ஒரே சத்தம். யாரோ என் தோளைத் தட்டினார்கள். போனவர்களுக்கு பேங்க் விலை. போகாதவர்களுக்கும் பேங்க் வந்ததாலேயே முக்கால் ரூபாய் குறைந்துவிட்டது. ஒரு போர்டு எழுதியதற்கு இவ்வளவு நடந்திருக்கிறது என்று எனக்குப் புல்லரித்தது. கூட்டத்தின் கடைசியில் கீரைக்கார அக்கா நின்றிருந்தார். என்னைப் பார்த்துத் தலையை ஆட்டிச் சிரித்தார். நான் கையை அசைத்தேன்.

இதற்குப் பிறகு நான் கொஞ்ச நாள் ஊர்க் காரியத்தைவிட்டு டைப்ரைட்டிங் பரீட்சைக்குப் படித்தேன். பாஸும் செய்தேன்.

மார்கழி பிறந்து, மழை விட்டிருந்த ஒரு காலையில் கீரைக்கார அக்கா கூடை இல்லாமல் வந்தார். கையில் ஒரு கடிதம். டவுன் முதலாளியிடமிருந்து வந்தது, டைப் அடித்திருந்தது. படித்துச் சொல்லச் சொன்னார். வாய்க்காலை ஒட்டிய தன் நிலம் முழுவதையும் மனை போட்டு விற்கப் போகிறாராம். கரிக்கலாம்பாக்கம் ரோட்டில் இருந்து அந்தப் பக்கமாக மனைக் கற்கள் ஏற்கெனவே வந்துகொண்டிருந்தன. இத்தனை வருஷம் நிலத்தைப் பார்த்துக்கொண்டதால், அக்கா குடியிருக்கும் பத்துக் குழியை மட்டும் அவருக்கே ஆயிரத்து இருநூறு ரூபாய்க்குத் தர முதலாளி சம்மதிக்கிறார். தை மாதம் முடிவதற்குள் பணம் கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் குடிசையைப் பிரித்துக்கொண்டு இடத்தைக் காலி செய்து தரவேண்டும்.

“நல்ல விலைதான் அக்கா! அந்த ரோட்டுல மத்த மனையெல்லாம் இதுக்கு மேல.”

“விலை நல்ல விலைதான். கையில சீட்டுப் பணம் முன்னூறு இருக்குது. தொள்ளாயிரம் வேணும்.”

“பெரிம்மாகிட்ட கேக்கலாமே.”

அவர் கடிதத்தை வாங்கி மடித்தார்.

“கேட்டேன். நாலு ரூபா சொல்றாங்க.”

“நாலா? யாருக்கு நாலு?”

“ஒன்னும் வைக்காதவங்களுக்கெல்லாம் நாலுதான் இப்ப. கொடி ஏத்தி மறுவாரத்துலேர்ந்து. உனக்குத் தெரியாதா பாப்பா?”

எனக்குத் தெரியாது. மறுவாரம் நான் ஊரில்தான் இருந்தேன், அதே மேசையில்தான் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தேன். எனக்குத் தெரியாமல் போனதற்குக் காரணம், வெறுங்கையோடு கடன் வாங்குகிற ஒருவர்கூட என் மேசைக்கு வரத் தேவை இல்லாமல் இருந்ததுதான். அக்கா கணக்கு சொன்னார், விரல் விட்டு. இரண்டு ரூபாய் என்றால் தொள்ளாயிரத்துக்கு மாதம் பதினெட்டு. கீரைக்காசு அதற்குச் சரியாகப் போகும்; கூலி வயிற்றுக்கு. நாலு என்றால் முப்பத்தாறு. “கீரையும் கூலியும் சேர்ந்து வட்டிக்கே போச்சின்னா, அந்த எடத்துல நான் இன்னா தின்னுட்டு குந்திக்கினு இருக்கறது?”

அவர் என்னைக் குற்றம் சொல்ல வரவில்லை. கடிதம் படிக்கத்தான் வந்தார். அது இன்னும் மோசமாக இருந்தது.

அன்றைக்கே சொல்தாவூட்டம்மா வீட்டுக்குப் போனேன். போகும் வழியெல்லாம் என்ன சொல்லி மடக்குவது என்று வாதங்களைத் தயார் செய்துகொண்டே போனேன். அவர் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

“வா. ஈடு இருக்கறவளா, இல்லாதவளா?”

“பெரிம்மா, அந்தக்காவுக்கு நாலு சொன்னீங்களாமே.”

“சொன்னேன்.”

“பேங்க் மேல கோவத்துல பண்றீங்க.”

“இல்லடி” என்றார், கொஞ்சம்கூட குரலை உயர்த்தாமல். “கோவப்பட்டு இன்னா ஆவப் போவுது? இதோ பாரு. பதினாலு வூட்டு வட்டி எனக்கு மாசம் தவறாம வரும். வெறுங்கைக்காரங்க நாப்பது பேரு. அதுல பத்துப் பேரு குடுக்க மாட்டாங்க, குடுக்க முடியாது. வயித்துல அடிச்சா கேக்க முடியும்? அந்தப் பதினாலு வூட்டுக் காசு அந்தப் பத்துப் பேரத் தாங்கிச்சு. இப்ப ஏழு வூடு போச்சு. மிச்ச ஏழுக்கு நீ ஒன்னேகால் ஆக்கிட்ட. அந்தப் பத்துப் பேர யாரு தாங்கறது? மிச்ச முப்பது பேருதான் தாங்கணும்.”

தயார் செய்துகொண்டு போன வாதங்களில் ஒன்றுகூட இதற்குப் பொருந்தவில்லை.

“நானா சொன்னேன்? ஈடு இருந்தா கம்மின்னு நீதான் சொன்ன. இல்லன்னா வேற கணக்குன்னும் நீதான் சொன்ன. ஊரு முழுக்கக் கேட்டுதே. எனக்கும் அது சரின்னு பட்டுது.” ஆய்ந்த கீரையை முறத்தில் தட்டினார். “இத்தன வருஷமா நான் முட்டாளாட்டம் ஒரே வட்டி வாங்கினேன்னு நெனச்சுக்கிட்டேன்.”

அவர் குத்திக்காட்டவில்லை; நிஜமாகவே அப்படித்தான் நினைத்தார் என்று அவர் முகத்தைப் பார்த்தபோது தெரிந்தது. நான் எழுந்தேன். முருங்கைக்கீரையில் ஒரு பிடி எடுத்து, “அம்மாகிட்ட குடு” என்று கொடுத்தார். வாங்கிக்கொண்டு வந்தேன்.

வீட்டில் அப்பாவிடம் சொன்னேன். அப்பாவுக்கு பேங்கால் மாதம் மாதம் மிஞ்சியது எங்களுக்கு நன்றாகத் தெரியும். அதை அக்காவுக்குக் கொடுக்கலாமே என்றேன்.

“மிஞ்சினது மாட்டுக்கொட்டாய்க்கு ஓடு போட்டாச்சே. நீதான நின்னு எண்ணின ஓட்ட?”

அது உண்மை. புது ஓட்டைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த மேட்டில் இருக்கும் ஓலைக் கூரை ஞாபகம் வர ஆரம்பித்தது. மாட்டைப் பிடித்துக் கட்டக்கூட நான் அந்தப் பக்கம் போவதைக் குறைத்துக்கொண்டேன். நாங்கள் நன்றாக ஆனோம் என்பதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. அந்த நன்மையில் ஒரு பங்கு யாரிடமிருந்து வந்தது என்பதுதான் நெஞ்சில் நின்றது. பேங்க் எங்களுக்கு விட்டுக்கொடுத்தது என்றுதான் நினைத்திருந்தேன். பேங்க் கொடுத்தது ஒரு பங்கு. மற்றதை நாற்பது வெறுங்கைக்காரர்களிடமிருந்து பிடுங்கும் வழியை நான் நின்று பேசி, கைதட்டலோடு செய்து கொடுத்திருக்கிறேன்.

மறுநாள் பேங்குக்குப் போனேன். மேனேஜருக்கு என்னைப் பார்த்ததும் சந்தோஷம். எட்டாவது வீடு என்று நினைத்திருப்பார்.

“பத்துக் குழி, மேட்டு நிலம், காய்கறி போடறாங்க. போர்டுல ‘நிலம் வாங்க’ன்னும் எழுதியிருக்கீங்க சார்.”

“எழுதியிருக்கோம்மா. ஆனா நிலம் யார் பேர்ல இருக்கு?”

“விக்கறவர் பேர்ல. பணம் குடுத்தா இவங்க பேர்ல வந்துடும்.”

“அவங்க பேர்ல வந்தா பணம் குடுப்போம்.”

எனக்கு இந்த முடிச்சு பழைய முடிச்சு போலவே தெரிந்தது. ஆனால் இதற்கு நகல் எடுக்க எந்த ஆபீஸும் கிடையாது. நான் எழுந்திருக்காமல் உட்கார்ந்திருந்தேன். அவர் நாலு காகிதத்தில் கையெழுத்துப் போட்டார். நான் அப்போதும் உட்கார்ந்திருந்தேன். கடைசியில் பேனாவை மூடிவிட்டுச் சொன்னார்: பாகூர் பக்கத்தில் ஒருமுறை அப்படிச் செய்திருக்கிறார்களாம். விற்கிறவர், வாங்குகிறவர், பேங்க் ஆள் மூவரும் ஒரே நாளில் ரிஜிஸ்டர் ஆபீஸுக்குப் போவது. முதலில் கிரயப் பத்திரம் பதிவாகும். அந்த மை காய்வதற்குள் அதே நிலத்தின் பேரில் அடமானப் பத்திரம் பதிவாகும். பிறகுதான் பணம்.

“ஆனா விக்கறவர் கையில காசு இல்லாம கையெழுத்துப் போட ஒத்துக்கணும். டவுன்காரங்க சாதாரணமா ஒத்துக்க மாட்டாங்க. அதோட, இங்க கடன் வாங்கி மெம்பர் ஆன நிலக்காரங்க ரெண்டு பேர் ஜாமீன் போடணும். சின்ன எடம் இல்லையா, ஹெட் ஆபீஸ்ல கேப்பாங்க.”

இதை அப்பாவிடம் சொன்னபோது அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கையை உதறினார்.

“நீ வாய விட்டதுக்கு நான் கையெழுத்துப் போடணுமா?”

“ஆமாம்பா.”

இப்படி ஒரு பதிலை அவர் எதிர்பார்க்கவில்லை. நானும்தான். அம்மா ரசத்தை ஊற்றினார். அப்பா சாப்பிட்டு, கை கழுவி, துண்டில் துடைத்துக்கொண்டு, “ரெண்டாவது ஆளு யாருன்னு முதல்ல சொல்லு. அப்பறம் பாக்கலாம்” என்றார். அதற்கு மேல் அவரிடம் கேட்கக் கூடாது என்று எனக்குத் தெரியும்.

கொய்யாப்பழம் அனுப்பியவர் வீட்டுக்குப் போனேன். மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. அக்கா அவருடைய வயலில் எத்தனையோ நடவு நட்டவர். ஜாமீன் என்று ஆரம்பித்தேன். பதிவு, அடமானம், ஆபத்து, ஹெட் ஆபீஸ் எல்லாவற்றையும் ஒழுங்காக விளக்கினேன். அவர் பொறுமையாகக் கேட்டார். கேட்டு முடித்துவிட்டு, “ஈடு இல்லன்னா ஆபத்துன்னு நீதான பாப்பா சொன்ன? அந்த ஆபத்துல என்ன எதுக்கு இழுக்கற?” என்றார். கேலியாகச் சொல்லவில்லை. என்னிடம் கற்ற பாடத்தை எனக்குச் சொன்னார்.

திரும்பி வரும்போது வாய்க்கால் மேட்டில் அக்கா பாத்திக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார். குடிசைக்கு இரண்டு பக்கமும் சர்வேக்காரர்கள் சின்னக் குச்சிகளை நட்டு, சிவப்புத் துணி கட்டியிருந்தார்கள். இன்னும் கல் நடவில்லை. மார்கழி பாதி ஆகியிருந்தது.

பாத்தி வரப்பில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். பேங்க் வழி, அப்பா சொன்னது, மோட்டார்க்காரர் சொன்னது. பிறகு, சொல்லவே கூடாது என்று நினைத்திருந்ததையும் சொன்னேன்: நாலு ரூபாய் ஆனதற்குக் காரணம் நான்தான் என்று.

அக்கா தண்ணீர்க் குடத்தை இறக்கினார்.

“தெரியும். நான்தான் அங்க நின்னுக்கினு இருந்தேனே.”

“அன்னிக்கு நீங்க சிரிச்சீங்க அக்கா.”

“பின்ன? இத்தினிக்காண்டு பொண்ணு சொல்தாவூட்டம்மாவ எதுத்துப் பேசுது. சிரிப்பு வராதா?” பிறகு சிரிக்காமல் சொன்னார்: “மறுவாரம் போய்க் கேட்டப்பதான் சிரிப்பு நின்னுச்சு. ரெண்டு மாசம் உன் வூட்டுப் பக்கமே வரக்கூடாதுன்னு இருந்தேன். இந்தக் கடுதாசிய வேற யாரு படிப்பாங்க சொல்லு?”

நான் மூக்கைத் துடைத்துக்கொண்டேன். அவர் அதைக் கவனித்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. பேங்க் வழியை இன்னொரு முறை, மெதுவாகச் சொல்லச் சொன்னார். முதலில் எந்தக் கையெழுத்து, அடுத்து எந்தக் கையெழுத்து, காசு எப்போது முதலாளி கைக்குப் போகும் என்று மூன்று முறை கேட்டு, திருப்பிச் சொல்லிப் பார்த்துக்கொண்டார். நான் பேங்குக்குக் கூட்டிப்போன ஏழு பேரில் ஒருவரும் இவ்வளவு கேட்டதில்லை. நான் காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டார்கள்.

“ஜாமீனுக்கு ஆள நான் பாத்துக்கறேன்” என்றார். “மோட்டார்க்காரர் சம்சாரத்துக்கு ரெண்டு பேறுகாலம் பாத்தது நானு. நீ கேட்டா கணக்கு பேசுவாங்க. நான் கேட்டா என் மூஞ்ச பாத்துத்தான் இல்லன்னு சொல்லணும்.”

“முதலாளி?”

“அவருகிட்டயும் நான்தான் பேசுவேன். நீ கூட வா. அவரு எதனா பேப்பர் குடுத்தா படிச்சி, என் காதுல சொல்லு. அவ்ளோதான். வாய தொறக்காத பாப்பா. தொறந்தின்னா நாலு எட்டா ஆயிடும்.”

முதலாளிக்குக் கடிதம் எழுதிப் போட்டோம். அக்கா சொல்லச் சொல்ல நான் எழுதினேன். ஒரு வார்த்தைகூட நானாகச் சேர்க்கவில்லை. இரண்டு இடத்தில் சேர்க்கக் கை துடித்தது. வியாழக்கிழமை வரச் சொல்லிப் பதில் வந்திருக்கிறது. தை பிறந்து ஒன்பது நாள் ஆகிறது. நேற்று அக்கா மோட்டார்க்காரர் வீட்டுக்குப் போய்விட்டு வந்தார். இல்லை என்று சொல்லவில்லையாம், யோசிக்கிறேன் என்றாராம். அப்பாவிடம் அதைச் சொன்னேன். “யோசிக்கட்டும்” என்றார்.

நாளை மறுநாள் காலை ஏழரை பஸ்ஸில் நாங்கள் இருவரும் டவுனுக்குப் போகிறோம். மேனேஜர் எழுதிக் கொடுத்த ஃபாரம் ஒன்று பையில் இருக்கிறது. காசு கையில் வருவதற்கு முன்னால் கிரயப் பத்திரத்தில் கையெழுத்துப் போடுவீர்களா என்று அக்கா கேட்பார். முதலாளி என்ன சொன்னாலும், எவ்வளவு தப்பாகச் சொன்னாலும், நான் பதில் சொல்லாமல் அக்கா பக்கத்தில் நிற்க வேண்டும்.